படகின் முனையில் நிற்பவன்

ஜூன் 27, வெள்ளி

காலையில் பகவதி வந்தாள். நான் ஓய்வு பெற்ற கல்லூரியில் வரலாறு நடத்துகிற பெண். கெட்டிக்காரிதான், ஆனால் நேருக்கு நேர் கண்ணைப் பார்த்துப் பேச மாட்டாள். ஜூலை 25ஆம் தேதி கல்லூரி அரங்கில் நான் பேச வேண்டுமாம். தலைப்பு: எகிப்தியப் புராணமும் இன்றைய விண்ணியற்பியலும்.

"மேடம், ஆதியில வெறும் இருட்டுத் தண்ணிதான் இருந்துச்சுன்னு அவங்க சொல்லுதாங்க. அது பெருவெடிப்புக்கு முந்தின நிலைன்னு வச்சுக்கலாம்லா? சூரியன முழுங்க வார அபெப் பாம்பு கருந்துளை. பொருந்துது பாத்தீங்களா?"

"என் செருப்புகூட உனக்குப் பொருந்தும். அதுக்காக அது உன் செருப்பாயிருமா?" என்றேன்.

சிரித்தாள். "இதத்தான் மேடம் நீங்க மேடையில சொல்லணும்."

இவர் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போகாமல் நின்றார். என் கணவர் பொன்ராஜ் மின்வாரியத்தில் பொறியாளராக இருந்தவர். பேச்சு என்றாலே எழுந்து போய்விடுகிற ஆள், இன்று கதவில் சாய்ந்து முழுதும் கேட்டார். அவள் போனபின் சொல்கிறார்: "எமி, எழுதி வச்சே படிச்சிரு."

எழுதி வைத்துப் படிக்கவா? முப்பத்தொரு வருடம் இயற்பியல் நடத்தியவள் நான். ஒரு நாளும் கையில் தாள் வைத்ததில்லை. கை தூக்கிய பிள்ளைக்குப் பதில் சொல்லாமல் வகுப்பை விட்டு வெளியே வந்ததும் இல்லை. இந்த எமீமாவுக்கு இருப்பது அந்தப் பேர் ஒன்றுதான். அதை இவர் கூடவா சந்தேகிப்பது?

அவளை வாசல்வரை போய் வழியனுப்பியதும் இவர்தான். இரண்டு பேரும் கேட்டருகே ஏதோ பேசினார்கள். நான் வந்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

ஜூன் 30, திங்கள்

சிலிண்டர் வரவில்லை என்று ஏஜென்சிக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டேன். சனிக்கிழமையே கொடுத்தாயிற்று என்கிறான், கையெழுத்துப் போட்டு வாங்கியதே நான்தானாம். பின்கட்டில் போய்ப் பார்த்தால் நிறை சிலிண்டர் நிற்கிறது. இவர் வாங்கி வைத்துவிட்டு என்னிடம் மூச்சுவிடவில்லை. கேட்டதற்கு, "ஆமா எமி, சொல்ல மறந்துட்டேன்" என்றார். வயதாகிறது மனுஷனுக்கு.

ஜூலை 4, வெள்ளி

பகவதி அனுப்பிய கட்டுரைகளைப் படித்தேன். கருந்துளைப் பாம்பெல்லாம் குப்பை. ஒன்று மட்டும் குப்பையில் போட முடியாததாக இருக்கிறது.

மூவாயிரம் வருடத்துக்கும் முந்தைய ஒரு பாப்பிரஸ் சுருள். வருடத்தின் ஒவ்வொரு நாளும் நல்லதா கெட்டதா என்று குறித்த நாட்காட்டி. நம் வீட்டுச் சுவரில் பலசரக்குக் கடைக்காரர் தந்த தினசரி காலண்டர் தொங்குகிறதே, அதே சங்கதிதான். அந்த நல்ல நாட்களைக் கணக்கில் போட்டுப் பார்த்த ஆராய்ச்சிக்காரர்கள், அதில் 2.85 நாளுக்கு ஒருமுறை ஒரு தாளம் வருகிறது என்கிறார்கள். ஹோரஸ் கடவுளின் பெயர் வருகிற நாட்கள் அந்தத் தாளத்தில் விழுகின்றனவாம்.

வானத்தில் அல்கோல் என்று ஒரு நட்சத்திரம் உண்டு. மூன்று நாளுக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில் அது மங்கும், சில மணி நேரத்தில் பழையபடி பிரகாசிக்கும். காரணம், அதற்கு மங்கலான ஒரு துணை இருக்கிறது. அது சுற்றிவந்து குறுக்கே நிற்கிறபோது வெளிச்சம் குறைகிறது. துணை நம் கண்ணுக்குத் தெரியாது. மங்குவது மட்டும்தான் தெரியும். இதை எகிப்தியப் பூசாரிகள் வெறுங்கண்ணால் கவனித்து, ஹோரஸின் கதையாக்கி ஒளித்து வைத்தார்களாம்.

நம்பலாமா? எந்தப் பட்டியலைக் கொடுத்தாலும் தேடுகிறவன் தேடினால் ஏதாவது ஒரு தாளம் அகப்படும். சோதித்துவிட வேண்டியதுதான். நம் காலண்டரில் மேஷத்துக்குத் தினம் ஒரு சொல் போடுகிறான்: லாபம், அலைச்சல், கவலை. கிழிக்கிற தாளை எறியாமல் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதிலும் அல்கோல் வந்தால் பகவதியின் எகிப்துக்குக் கும்பிடு போட்டுவிடலாம்.

ஜூலை 9, புதன்

மேலே புதன் என்று எழுதிவிட்டேன். காலண்டர் வியாழன் என்கிறது. இவர் இரண்டு தாளைச் சேர்த்துக் கிழித்திருக்கிறார். என் சோதனையைக் கெடுக்கவே செய்வது மாதிரி இருக்கிறது.

வேறு சிலவும் கவனிக்கிறேன். அடுப்புக்கு மேலே இவர் கையெழுத்தில் ஒரு சீட்டு: "கேஸ் அடைத்தாயா?" குளியலறையில் இன்னொன்று. மாடிக்குப் போய் போன் பேசுகிறார். நான் ஏறினால், "சரி, பெறகு பேசுதேன்" என்று வைத்துவிடுகிறார். முழிக்கிற முழியே சரியில்லை. முந்தாநாள் கலகலப்பாக இருந்தார், நேற்று முகம் செத்துப் போயிருந்தது, இன்று பரவாயில்லை. ஏன் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார்.

ஜூலை 13, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வருகையில் ஐயரம்மா என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நல்லா இருக்கீங்களாம்மா? என்ன யாருன்னு தெரியுதா?" என்றார். ஏழு வருடமாக ஞாயிறுதோறும் பார்க்கிற முகம். "தெரியாம என்ன, பாஸ்டர் வீட்டம்மாதான?" என்றேன். பேர் உடனே வரவில்லை, அவ்வளவுதான். எல்லாரும் என்னிடம் பாலர் பள்ளிப் பிள்ளையிடம் பேசுவது போல் நிறுத்தி நிறுத்திப் பேசுகிறார்கள். இவர் என்னைப் பற்றி ஊருக்குள் என்ன சொல்லி வைத்திருக்கிறார்?

மத்தியானம் வழக்கம்போல் இவர் கை மீன் குழம்பு. நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

ஜூலை 18, வெள்ளி

இன்று படித்தது கொஞ்சம் பிடித்திருந்தது. சூரியக் கடவுள் ரா அந்தி சாய்ந்ததும் கிழவராகிப் படகில் ஏறி இருட்டு உலகத்துக்குள் போகிறார். பன்னிரண்டு வாயில்கள். ஒவ்வொன்றிலும் ஒரு காவல். காவல் நிற்பவரின் பெயரைச் சரியாகச் சொன்னால்தான் கதவு திறக்கும். நடுவழியில் அபெப் பாம்பு படகை விழுங்க வருகிறது. படகின் முனையில் ஈட்டியோடு நின்று அதைக் குத்துகிறவன் யார் தெரியுமா? சேத். சொந்த அண்ணன் ஒசைரிஸைக் கொன்றவன், ஹோரஸின் கண்ணைப் பிடுங்கியவன். அவனையா காவலுக்கு நிறுத்துவார்கள்?

சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். ரசம் ஊற்றிக்கொண்டே, "அவன் ஒருத்தனுக்குத்தான் அந்தப் பாம்பு கண்ண நேருக்கு நேரா பாக்க முடியுமாம்லா?" என்கிறார்.

அதை நானே இன்று காலையில்தான் படித்தேன். மின்கம்பிக்காரருக்கு எகிப்து எப்படித் தெரியும்?

"உங்களுக்கு யாரு சொன்னா?"

"நீதான் நேத்து சொன்ன எமி."

நேற்று நான் சொல்லவில்லை. பகவதி சொல்லியிருக்கிறாள். வேறு வழியே இல்லை.

ஜூலை 25, வெள்ளி

தலை வலிக்கிறது. என் பச்சைப் பட்டு நாற்காலியில் கசங்கிக் கிடக்கிறது, எதற்கு வெளியே எடுத்தேன் என்று தெரியவில்லை. மடித்து வைத்தேன். மேசை மேல் ஒரு பொன்னாடை. இவருக்கு யார், எதற்குப் போர்த்தினார்கள்? கேட்டால் என் தலையைத் தடவுகிறார். சாப்பிடவும் இல்லை.

ஜூலை 28, திங்கள்

பேச்சு தயார். தொடக்கத்தில் செருப்புக் கதை, பிறகு அல்கோல், காலண்டர் சோதனை, கடைசியில் படகு. ஆனால் பகவதியிடமிருந்து ஒரு போன் இல்லை. நானே கூப்பிட்டேன்.

"பேச்சு என்னைக்கும்மா? தேதியச் சொல்லு."

வாய்க்குள் கொழுக்கட்டையா என்று கேட்க இருந்தேன். அப்புறம், "மேடம், அது... கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கோம் மேடம். நான் சொல்லுதேன்" என்றாள். குரல் உடைந்திருந்தது. பொய் சொல்லத் தெரியாதவள் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? என் பேச்சை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். இவருக்கும் அதில் பங்கு உண்டு. எழுதி வைத்துப் படி என்று முதல் நாளே சொன்னவராயிற்றே. எழுதினால் தூக்கிக் கொடுக்க வசதி.

எரிச்சலாக வருகிறது. அதைவிட அதிகமாக அழுகை வருகிறது.

ஆகஸ்ட் 2, சனி

காலண்டர் தாள்களை மேசையில் பரப்பிக் கணக்குப் போட்டேன். மேஷத்தின் "கவலை" நாட்களைக் கொஞ்சம் இப்படியும் அப்படியும் தள்ளினால் மூன்று நாளுக்கு ஒரு தாளம் அழகாக வந்துவிடுகிறது. சிவகாசியில் அச்சடித்தவனுக்கு அல்கோல் தெரியும் என்று நாளைக்கே ஒருவன் புத்தகம் போடலாம். என் சந்தேகம் சரிதான்.

அந்தச் சூட்டிலேயே இன்னொரு கணக்கும் போட்டேன். இவர் முகம் மங்கிய நாட்கள். நினைவில் உள்ளதையும் இங்கே எழுதியதையும் வைத்துப் பார்த்தால், அதுவும் ஏறக்குறைய மூன்று நாளுக்கு ஒருமுறை. இதைத் தள்ளவும் இழுக்கவும் வேண்டியிருக்கவில்லை. தானாகவே வந்தது. அப்படியானால் குறுக்கே ஒருத்தி வருகிறாள் என்றுதான் அர்த்தம்.

சாயங்காலம் மருந்துக்கடைக்கு என்று கிளம்பினார். பின்னாலேயே போனேன். மார்க்கெட் பக்கத்து ஜூஸ் கடையில் பகவதியோடு உட்கார்ந்திருந்தார். அவள் போனில் எதையோ காட்டினாள். இவர் பார்த்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதார். என் மாமியார் அடக்கத்தில்கூட அழாத ஆள். அவள் இவர் தோளில் கை வைத்தாள். நான் சாலையின் இந்தப் பக்கம் நின்றேன். வீட்டுக்கு வருகிற திருப்பம் சட்டென்று பிடிபடவில்லை, ஆட்டோவில் வந்தேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கேட்டுவிட்டேன்.

"அந்தப் பொண்ணுகூட உங்களுக்கு என்ன பேச்சு? ஜூஸ் கடையில ஒக்காந்து அழுதீங்களே, எதுக்கு?"

பதறுவார் என்று நினைத்தேன். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எமி, அன்னைக்கு மேடையில..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். பிறகு, "திங்கக்கிழமை டாக்டர்ட்ட போணும். நீயும் கூட வாரியா?" என்றார்.

"யாருக்கு டாக்டர்?"

"எனக்குத்தான்."

ஓகோ, வியாதியைச் சொல்லி என் வாயை அடைக்கப் பார்க்கிறார். வருகிறேன் என்று சொன்னேன். டாக்டர் முன்னால் பொய் சொல்ல முடியாது. பழைய டம்ளர் ஒன்று உடைந்துவிட்டது. எறிந்தேன் என்று இவர் சொல்வார்.

ஆகஸ்ட் 9, சனி

கட்டுரை ஒன்றை நகல் எடுக்கப் போனேன். கடையில் இருக்கிற பெண் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"மேடம், ஒங்க பேச்ச யூடியூப்ல பாத்தேன். என் தங்கச்சி அங்கதான் படிக்கா. செருப்புக் கதைக்குச் சிரிச்சு முடியல."

"எந்தப் பேச்சு?"

"எகிப்து பேச்சுதான் மேடம். கடைசில ஒரு சார் கை தூக்கிக் கேட்டாங்கல்லா, அது சூப்பர்."

திருடி என்று மனதுக்குள் பகவதியைத் திட்டினேன். என் செருப்புக் கதையை எவளோ சொல்லியிருக்கிறாள். "காட்டு பாப்போம்" என்றேன். அவள் போனை நீட்டினாள்.

மேடையில் பச்சைப் பட்டு. அதை உடுத்தியிருப்பது நான்.

முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தப் பெண் தண்ணீர் கொடுத்தாள். கடைக்கு வந்தவர்கள் வந்தார்கள், போனார்கள். நான் முழுதும் பார்த்தேன்.

முதல் பாதி நன்றாக இருக்கிறது. இங்கே எழுதும்போது பொய்யடக்கம் எதற்கு, பிரமாதமாக இருக்கிறது. கையில் தாள் இல்லை. செருப்புக் கதைக்கு அரங்கம் குலுங்குகிறது. அல்கோலைச் சொல்கிறேன், அதன் துணையைச் சொல்கிறேன், படகில் ஏறுகிறேன். சேத் முனையில் நிற்கிறான் என்கிறேன். நிற்கிறேன். பிறகு, "பொருந்துதுன்னா உன் செருப்பாயிருமா?" என்று முதலிலிருந்து தொடங்குகிறேன்.

இரண்டாம் முறை அவர்கள் பாதிச் சிரிப்பு சிரித்தார்கள். அல்கோல், துணை, படகு, சேத். மூன்றாம் முறை செருப்பு. யாரும் சிரிக்கவில்லை. பின் வரிசையில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். பகவதி மேடைப் படியில் பாதி ஏறி நிற்கிறாள். வாயில் கை. எனக்கு, மேடையில் இருக்கிற எனக்கு, ஒன்றுமே தெரியவில்லை. சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அப்போது முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். போன கிறிஸ்துமஸுக்கு நான் எடுத்துக் கொடுத்த கட்டம் போட்ட சட்டை. வகுப்பில் பிள்ளைகள் தூக்குவது போல வலது கையைத் தூக்கினார்.

"மேடம், ஒரு கேள்வி."

நான் பேச்சை நிறுத்தினேன். கை தூக்கினால் நிறுத்துவேன். அது எலும்பில் ஊறியது.

"கேளுங்க."

"சேத் பாம்பக் குத்திட்டான். பெறகு சூரியன் வெளிய வந்துச்சா இல்லியா மேடம்? அந்த வயசான மனுஷன் கடைசி வாசலத் தாண்டிட்டாரா?"

குரல் நடுங்கவே இல்லை. மேடையில் இருக்கிறவள் முகம் மலர்ந்தது. "நல்ல கேள்வி" என்றாள். சூரியன் ஒவ்வொரு காலையும் வானத்துப் பெண் நூத்தின் வயிற்றிலிருந்து மறுபடி பிறப்பதைச் சொன்னாள். நம் சூரியனும் ஒருநாள் எரிந்து தீரும், அதன் சாம்பலில் வேறு நட்சத்திரங்கள் பிறக்கும், ஆனால் அது எகிப்தியருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை என்றாள். ஆசைப்பட்டார்கள், அவ்வளவுதான் என்றாள். வணக்கம் சொன்னாள். கைதட்டல். பொன்னாடை. கட்டம் போட்ட சட்டைக்காரர் கை தூக்கியபடியே நின்றுகொண்டிருந்தார். கீழே போட மறந்துவிட்டார் போல.

வீட்டுக்கு வந்ததும் இவரிடம் சொன்னேன்: "பாத்துட்டேன்."

எதைப் பார்த்தேன் என்று கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தார். "பகவதி அத எடுத்துரட்டுமான்னு கேட்டா. அன்னைக்கு ஜூஸ் கடையில அதான் பேச்சு. நான் வேண்டாம்னு சொல்லிட்டேன். நீ எவ்வளவு நல்லா பேசிருக்க எமி."

"சிலிண்டர் நாந்தான் வாங்குனனா?"

"ஆமா."

"திங்கக்கிழமை டாக்டர் யாருக்கு?"

என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். எனக்குப் பயமாக இருந்தது. இவ்வளவு பயம் நான் எதற்கும் பட்டதில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

டாக்டர் சின்ன வயசுப் பெண். இன்று என்ன கிழமை, இது எந்த ஊர் என்று கேட்டாள், பேனாவையும் கைக்கடிகாரத்தையும் காட்டி இதற்குப் பேர் என்ன என்றாள். ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டே போனேன். மூன்று சொல் சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னாள். கொஞ்ச நேரம் வேறு பேசிவிட்டுத் திரும்பக் கேட்டாள். பாலம், வெல்லம். மூன்றாவது கதவில் நின்றுவிட்டேன். இவரைத் திரும்பிப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். சொல்லிக் கொடுக்கக் கூடாது என்று தெரியும் இவருக்கு.

ஸ்கேன் எடுக்க வேண்டும், மாத்திரை உண்டு, மெதுவாகத்தான் போகும் என்றாள். எங்கே போகும் என்று நான் கேட்கவில்லை.

ஆட்டோவில் கேட்டேன், "மூணாவது என்னங்க?"

"விசிறி."

கணக்கு இப்போது சரியாக வருகிறது. இவர் மங்கிய நாட்களில் எல்லாம் குறுக்கே வந்தது நான்தான். பாம்பைத் தினமும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு முன்னால் நின்றவரை, நான் கொலைகாரன் கணக்கில் வைத்திருந்தேன்.

இனி எழுதுவது உங்களுக்கு, பொன்ராஜ். இந்த நோட்டை இன்று உங்கள் கையில் தரப் போகிறேன். நாளையோ அடுத்த வாரமோ நான் மறுபடி உங்களைச் சந்தேகப்படுவேன். பகவதியை இழுப்பேன், டம்ளரை எறிவேன். அப்போது இந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டுங்கள். நான் லேசில் நம்ப மாட்டேன். என் கையெழுத்தை நீங்கள் போட்டுவிட்டீர்கள் என்பேன், என்னை எனக்குத் தெரியும். அதற்காக உங்களுக்குத் தெரியாத ஒன்றை இங்கே எழுதி வைக்கிறேன். அதைப் படித்தால், இதை எழுதியது நானேதான் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து ஞாயிறுதோறும் நீங்கள் வைக்கிற அந்த மீன் குழம்பு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. புளி அதிகம். ஒரு வாரம்கூட விடாமல் நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டேன்.

வருகிற ஞாயிறும் வையுங்கள்.